பேசாமல் விட்ட இரண்டு பக்கங்கள்

காலை 11:04. பத்திரிகையாளர் மன்றத்தில், மேடைக்குப் பின்னால் இருந்த ஓய்வறை. மேசையில் தண்ணீர்க் குவளை இருந்தது. கண்ணாடிக் கூடு இருந்தது. பழுப்பு அட்டை போட்ட குறிப்பேடு மட்டும் இல்லை.

பொறியாளர் அம்மாள் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். நாற்காலி மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அதே நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

மாதம் ஒருமுறை பொதுமக்களையும் அழைத்து மன்றம் நடத்தும் கூட்டம் அது. அன்றைய பேச்சு, ஒரு பள்ளிக்கூடத்தின் தலைக்கு மேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டியைப் பற்றியது. தொட்டியின் தூண்கள் விரிசல் விட்டிருந்தன. விரிசல் வளர்ந்த கதை முழுவதும், மேற்பார்வையாளர்களின் கையெழுத்தோடு, அந்தக் குறிப்பேட்டில்தான் இருந்தது. அதன் படங்களைப் போலி என்று, தொட்டியைக் கட்டிய ஒப்பந்த நிறுவனம் ஏற்கெனவே ஒதுக்கித் தள்ளிவிட்டது. அதனால் அசலை நகராட்சி ஆணையரிடம் மேடையிலேயே ஒப்படைக்க ஏற்பாடு. ஆணையர் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். விடுமுறை முடிந்து நாளை காலை பள்ளி திறக்கிறது.

"அசல் இல்லாம நான் பள்ளிக்கூடத்தை மூட முடியாதும்மா," என்றார் ஆணையர். "நீதிமன்றத்துல என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க."

மன்றத் தலைவர் வாசலை அடைக்கச் சொன்னார். பொதுமக்கள் மளமளவென்று பைகளைத் திறந்து காட்டினார்கள். பத்திரிகையாளர்களின் பைகளை மட்டும் யாரும் தொடவில்லை. ரகசியமாகத் தகவல் தந்தவர்களின் பெயர்கள் அந்தப் பைகளில் இருக்கும். உறுப்பினரின் பையை அவரைத் தவிர எவரும் திறக்கக் கூடாது என்பது மன்றத்தின் முதல் விதி.

ஆகவே எல்லாப் பார்வையும் அரங்கப் பொறுப்பாளர் மேல் விழுந்தது. ஓய்வறைக்குப் போய்வந்தவர் அவர்தானே.

"கொஞ்சம் பொறுங்க தலைவரே," என்று ஒரு குரல் கேட்டது. "அவசரப்பட்டு ஆளை அச்சடிச்சுடாதீங்க."

கத்தரி. ஒரு நாளிதழின் துணை ஆசிரியர். நாற்பது வரியை நாலு வரியாக வெட்டி வெட்டி வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடந்தது.

11:15. ஓய்வறை வாசலில் கத்தரி கேட்டாள்.

"நோட்டைக் கடைசியா எப்போ பாத்தீங்கண்ணே?"

"பத்து முப்பத்தஞ்சு, தங்கச்சி. தண்ணி வெச்சப்போ மேசை மேலதான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"மேடை ஓரத்துல நின்னேன். ஒரு அம்மா எழுந்து கேள்வி கேட்டாங்க இல்ல, அவங்களுக்கு மைக் கொண்டுபோனது நான்தான்."

அந்தக் கேள்வி கத்தரிக்கு நன்றாக நினைவிருந்தது. 10:45. எட்டுப் பக்க உரை அச்சாகி, வாசலிலேயே எல்லோர் கைக்கும் வந்திருந்தது. பொறியாளர் அதைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தபோது அரங்கத்தின் கடைசியிலிருந்து ஒரு தாய் எழுந்தாள். "இவ்வளவு தெரிஞ்ச நீங்க, கட்டும்போது எங்க இருந்தீங்க?"

பொறியாளர் உரையைக் கவிழ்த்து வைத்தார். "அங்கதான் இருந்தேன். சரின்னு கையெழுத்துப் போட்டதே நான்தான்," என்றார். பிறகு கடைசிவரை மனத்திலிருந்துதான் பேசினார். அவர் முடித்தபோது யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை.

ஓய்வறைக்குப் போகும் பக்கக் கதவு மூன்றாம் வரிசையை ஒட்டி இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டே பேர்.

11:24. முதலில் வானொலிக்காரி.

"எழுந்தியா?"

"எங்கக்கா எழுந்திருக்க? மடியில பதிவுக் கருவி, கண்ணும் அதுலயேதான். தொண்டை வேற கமறுச்சு. அரை மணி நேரமும் நான் இருமினது பதிவுல வரிசையா கேக்கும்."

"உன் செய்திக்கு என்ன தலைப்பு?"

"'கையெழுத்துப் போட்டது நானே.' வேற என்ன வைக்க முடியும்?"

11:31. அடுத்து, 'முதல் பக்கம்' என்று ஊரே அழைக்கும் மூத்த நிருபர். இருபது வருடமாக அவர் செய்தி உள்பக்கத்துக்கு இறங்கியதில்லை.

"என்னையே விசாரிக்கிற அளவுக்கு வளந்துட்டியா, கத்தரி?"

"வெட்டுற அளவுக்குத்தான் சார் வளந்திருக்கேன். எழுந்தீங்களா?"

"உக்காந்த இடத்துலயே செய்தி அடிச்சிட்டிருந்தேன். பாரு, பதினொண்ணு ரெண்டுக்கு எங்க தளத்துல செய்தி ஏறியாச்சு. பேச்சு மொத்தமும் இருக்கு. திருடிக்கிட்டே இதை அடிக்க எனக்கென்ன நாலு கையா?"

கத்தரி அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தாள். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்லா வந்திருக்கு சார்," என்றாள்.

11:40. அரங்கில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆணையர் கடிகாரத்தைப் பார்த்தார். கத்தரி மைக்கைக் கையில் எடுத்தாள்.

"நம்ம தொழில்ல ஒரு வழக்கம் இருக்கு. உரை முன்கூட்டியே கைக்கு வந்துட்டா, பேசி முடிச்ச மாதிரியே செய்தியை எழுதி வெச்சுக்குவோம். நானும் செய்வேன். பேச்சைக் கேட்டு அதைத் திருத்திட்டா ஒரு தப்பும் இல்ல." பதினொன்று இரண்டுக்கு ஏறிய அந்தச் செய்தியைத் தன் கைப்பேசியிலிருந்து படித்தாள். "'பொறியாளர் தன் பேரனின் பள்ளிப்பையைப் பற்றிச் சொல்லி முடித்தபோது அரங்கமே எழுந்து கைதட்டியது.' மேடம், இதை எப்போ சொன்னீங்க?"

"சொல்லவே இல்லையே," என்றார் பொறியாளர். "அது ஏழாம் பக்கம். நான் ஆறோட கவுத்து வெச்சுட்டேன். கடைசி ரெண்டு பக்கமும் பேசவே இல்ல."

முதல் பக்கம் சிரிக்கப் பார்த்தார். "அவசரத்துல கொஞ்சம் முன்னபின்ன ஆயிருக்கும். இதுக்கு ஒரு விசாரணையா?"

"பேசாதது உள்ள வந்தது அவசரம்னே வெச்சுக்குவோம் சார். பேசினது எங்க? 'கையெழுத்துப் போட்டது நான்தான்'ங்கிற வரி இன்னிக்கு இந்த அரங்கத்துல இருக்கிற எல்லாரோட செய்திக்கும் தலைப்பு. உங்க செய்தியில கடைசி வரியாக்கூட இல்ல. அப்படி ஒரு வரி காதுல விழுந்தா, தூக்கத்துல இருந்தாலும் எழுந்து எழுதுவீங்க நீங்க. விழல. ஏன்னா பத்தே முக்காலுக்கு நீங்க இந்த அரங்கத்துல இல்ல. எல்லாரும் வாயடைச்சுப்போய் மேடையைப் பாத்துட்டிருந்தாங்க, நீங்க திரும்பி வந்து உக்காந்ததைக்கூட யாரும் கவனிக்கல."

அரங்கில் சலசலப்பு எழுந்தது. முதல் பக்கம் தன் தோல்பையை மார்போடு சேர்த்துக்கொண்டார். "பையை எவனும் தொடக் கூடாது. விதி."

"சத்தியமா தொடமாட்டேன் சார்."

வானொலிக்காரி எழுந்தாள். தன் பையைத் தானே திறந்து நாற்காலி மேல் வைத்தாள். அடுத்து ஒரு புகைப்படக்காரர். பிறகு ஒரு வரிசை, பிறகு இன்னொரு வரிசை. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றே நிமிடத்தில் அத்தனை பத்திரிகையாளர்களின் பைகளும் வாய் திறந்து கிடந்தன. ஒன்றைத் தவிர.

முதல் பக்கத்தின் விரல்கள் கொக்கியோடு வெகுநேரம் மல்லுக்கட்டின. மடிக்கணினிக்கு அடியிலிருந்து பழுப்பு அட்டை வெளியே வந்தது.

"அடுத்த மாசம் தொட்டி கட்டின நிறுவனத்துல ஆலோசகர் வேலை தர்றதா சொன்னாங்க," என்றார், தரையைப் பார்த்தபடி.

தலைவர் அரங்கப் பொறுப்பாளரின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கண்ணே."

"அதெல்லாம் இருக்கட்டும், முதல்ல மேடம் கையில நோட்டைக் கொடுங்க," என்றார் அவர்.

11:52. பொறியாளர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்ட, ஆணையர் ஒவ்வொரு கையெழுத்தாகப் பார்த்தார். பிறகு மேடையிலிருந்தே தலைமை ஆசிரியைக்குத் தொலைபேசினார். அருகிலிருந்த மைக் அதை அரங்கம் முழுவதற்கும் சொன்னது.

"அம்மா, நாளைக்குப் பள்ளி திறக்க வேண்டாம். தொட்டியை இறக்கற வரைக்கும் ஒரு குழந்தைகூட உள்ள வரக் கூடாது. உத்தரவு ஒரு மணி நேரத்துல வரும்."

அரங்கமே எழுந்து கைதட்டியது. பொறியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேள்வி கேட்ட தாய் மேடை ஏறிவந்து அவர் கைகளைப் பற்றினாள்.

"எம் பொண்ணு ராத்திரியெல்லாம் பள்ளிக்கூடம் திறக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டிருந்தா, மேடம்," என்றாள். "வீட்டுப்பாடம் ஒரு வரிகூட எழுதல."