நகத்தளவுத் தாழ்ப்பாள்

ரிங்லெட் ஊருக்கு மேலே, மண் சரிந்த அந்தத் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு அளவெடுக்கப் போனபோது மத்தியானம் இரண்டு மணிகூட ஆகவில்லை. அதற்குள் பனிமூட்டம் தேயிலை வரிசைகளை மூடிவிட்டது. பொம்மை வீடு செய்வது என் தொழில். நிஜ வீட்டை அளந்து, பன்னிரண்டில் ஒரு பங்காக அப்படியே செய்து தருவேன். சுற்றுலா வருகிறவர்கள் பங்களாக்களைத்தான் கேட்பார்கள். லயத்து வீட்டைக் கேட்டவள் புனிதா ஒருத்திதான்.

அவள் மகள் ப்ரியா அந்த வீட்டில்தான் மண்ணுக்குள் போனாள்.

"கொழுந்தெடுக்கப் போறப்ப நான்தாண்ணே சொன்னேன். உள்ள தாப்பா போட்டுக்க, அம்மா வர்ற வரைக்கும் யாரு தட்டினாலும் தொறக்காதேன்னு. மண்ணு இறங்கறப்ப பக்கத்து வீட்டுக்காரங்க தட்டித் தட்டிப் பாத்திருக்காங்க. புள்ள தொறக்கல."

நான் டேப்பைச் சுருட்டினேன். அவள் குரல் தாழ்ந்தது.

"எல்லாம் அப்படியே செய்ங்கண்ணே. தாப்பா மட்டும் வேணாம்லா."

தலையாட்டினேன். தலையாட்டியதோடு சரி.

வேலையில் குறை வைத்து எனக்குப் பழக்கமில்லை. இடிந்த வீட்டுப் பலகையையே அறுத்துச் சுவர் வைத்தேன். தகரக் கூரை, விறகடுப்பு, சாமி படம் எல்லாம் வந்தன. புனிதா கொடுத்த பழைய கவுன் துணியில் விரல் நீளத்துக்கு ஒரு சிறுமி பொம்மையும் செய்து உள்ளே நிற்கவைத்தேன். கதவை மாட்டிய பிறகு அதன் உள்பக்கம் மூளியாகத் தெரிந்தது. பித்தளையில் நகத்தளவுக்கு ஒரு தாழ்ப்பாள் செய்து வைத்துவிட்டேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்ற திமிர்தான்.

என் மகள் ரூபினிக்கு ஆறு வயது, தாயில்லாப் பிள்ளை. எனக்கென்று இருப்பது அவள் மட்டும்தான். பள்ளி விட்டு வந்தால் அந்த வீட்டின் முன்னாலேயே பழியாய்க் கிடந்தாள்.

தாழ்ப்பாள் வைத்த மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குள் வந்தால் ஈரமண் வாடை. பொம்மை வீட்டின் கதவு சாத்தியிருந்தது. விரலால் தள்ளினேன்.

திறக்கவில்லை.

ஜன்னலில் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

பொம்மையைக் காணோம்.

"ரூபினி!"

அவள் அறைக் கதவும் சாத்தியிருந்தது. தோளால் இடித்தேன். மறுபக்கம் மண் குவித்துவைத்தது போலக் கனத்தது. அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது.

"அப்பாதான்டா. தொற."

உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அம்மா வரட்டும்."

அது என் மகளின் குரல் இல்லை. யாருடைய அம்மா என்று எனக்குப் புரிந்துவிட்டது. புனிதாவுக்கு போன் செய்தேன்.

அவள் நனைந்தபடி மோட்டார் சைக்கிளில் வந்தாள். பட்டறையைக் கடக்கும்போது பொம்மை வீட்டின் ஜன்னலில் குனிந்து பார்த்தாள்.

"ஏண்ணே வச்சீங்க?"

அவள் நேரே போய் ரூபினியின் அறைக் கதவில் கன்னத்தை வைத்தாள்.

"அம்மா வந்துட்டேன்டி. தொற."

இல்லாத தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

ரூபினி வெளியே வந்தாள். நகக்கண் நிறையச் சிவப்பு மண். என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் தாண்டிப் போய்ப் புனிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா இவ்ளோ நேரம்?"

புனிதா அந்தக் கையை உதறவில்லை. அதை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்போதுதான் பட்டறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மெதுவாக, நகத்தால் பலகையைத் தட்டுகிற சத்தம்.

பொம்மை வீட்டுக்குள்ளிருந்து.

பிறகு என் மகளின் குரல்.

"அப்பா... இத எப்படித் தொறக்கறது?"