சின்ன ரானா

ஹட்டன் பஸ் நோர்வூட் வளைவில் திரும்பியதுதான் தாமதம்... வெதுவெதுப்பான பருப்பு பேச்சியம்மாவின் மடியில் வந்து கொட்டியது.

“ஏங்க சார்! சட்டிய நிமித்திப் புடிக்கத் தெரியாதா? நல்ல நாளுக்குன்னு எடுத்து வச்ச சேலைங்க இது!”

“ஐயோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ...” பக்கத்துச் சீட்டுக்காரன் கைலேஞ்சியை நீட்டினான். யாழ்ப்பாணத்துப் பேச்சு. முப்பத்தாறு, முப்பத்தேழு வயதிருக்கும். மழை வழிந்த ஜன்னல் வெளிச்சத்தில் பெரிய கண்கள் பதறிக்கொண்டு விழித்தன. திட்ட வந்தவள் பாதியிலேயே மறந்துபோனாள்...

துடைக்கும்போது மூக்கு சுருங்கியது.

“என்னாங்க இது, பொகை நாத்தம்? அடிபிடிச்சுப்போச்சா?”

“இல்லை. கிண்ணத்தில கரித்துண்டு வச்சு மூடினனான். அதின்ர வாசம்.”

“பருப்புல கரியா! எந்தக் கூறுகெட்டவ சொல்லிக்குடுத்தா?”

அவன் முகம் இறுகியது. “அப்பிடிச் சொல்லாதேங்கோ. அந்தப் பிள்ளை எழுதுறதை வாசிச்சால், சாப்பிட்டவனுக்கும் பசிக்கும்.”

கைபேசியில் வந்திருந்த சமையல் மடலைத் திறந்து காட்டினான். ‘லயத்து அடுப்பு. எழுதுவது பேச்சி.’ கீழே... ‘பருப்பு வெந்ததும் நாலு கரித்துண்டு போட்டு மூடி வைங்க.’

பேச்சியம்மாவுக்குக் காது சுட்டது. அவள் எழுத நினைத்தது ஆட்டுக்கறி. அவள் வாயில் ர, ற என்ற இரண்டு ரானாவும் ஒன்றுதான்; ‘கறி’யில் பெரிய றானா வர வேண்டிய இடத்தில் சின்ன ரானா விழுந்துவிட்டது. இந்த மனுஷன் அடுப்புக் கரியையே போட்டிருக்கிறான்!

‘அந்தக் கூறுகெட்டவ நான்தான்’ என்று சொல்ல வாய் வரவில்லை. ஹட்டன் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தாள். கண் மட்டும் சொல்பேச்சு கேட்காமல் அடிக்கடி இந்தப் பக்கம் வந்தது...

ஹட்டனில் புத்தகக் கடைக்கு மேலே ஓர் அறை. மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே சமையல் எழுதுகிறவர்கள் ஏழு பேர் கூடுவார்கள். ஏழு பேரும் மின்னஞ்சலில் மடல் அனுப்பி, சந்தா கட்டி வாசிக்கிறவர்களால் பிழைப்பவர்கள். ஒருவருக்கு வாசகர் குறைந்தால் மற்றவர்கள் தேற்றுவார்கள். எழுத வராமல் திணறினால் பேசிப் பேசியே எழுத வைப்பார்கள். அனுப்புமுன் ஒருவர் மடலை இன்னொருவர் வாசித்துப் பார்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். பேச்சியம்மா மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிவிடுவாள். முப்பது வயதில்தான் எழுத்துக் கூட்டப் பழகினவள் என்பது இன்றுவரை அங்கே யாருக்கும் தெரியாது. தோட்டத்து லய வீட்டில் இருக்கும் அவளால் வாரத்தில் மூன்று நாளாவது தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைக்க முடிந்தது அந்த மடலால்தான். அது போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு.

கதவு திறந்தது. சட்டியோடு... அவன்!

“நம்ம புது ஆளு, கஜதீபன். மஸ்கெலியா தபாலாபீசுக்கு மாத்தலாகி வந்திருக்காரு. இவரும் சமையல் எழுதப் பழகணுமாம்,” என்றாள் குழுவை நடத்தும் தனுஜா.

சட்டி கை மாறிக் காலியானது. “அடேங்கப்பா, என்னா மணம்!” யாருடைய செய்முறை என்று தனுஜா கேட்டாள். ‘லயத்து அடுப்பு’ என்றான் அவன், பெருமையாக. எல்லாக் கண்களும் பேச்சியம்மா பக்கம் திரும்பின. அவன் கண்களும்.

“அடியே பேச்சி, இந்தக் கரி வித்தைய எங்ககிட்ட சொல்லவே இல்லியே!”

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். மனசு ஒப்பவில்லை.

“வித்தையும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. கறின்னு எழுதத் தெரியாம கரின்னு எழுதிட்டேன். முப்பது வயசுலதான் எழுத்தே படிச்சேன். போதும்... இனிமே எழுதல.”

யார் முகத்தையும் பார்க்காமல் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் தூறல் விடவில்லை. பின்னால் தபதபவென்று காலடி. காலிச் சட்டியைக் கட்டிப்பிடித்தபடி, குடையில்லாமல், தொப்பலாக நனைந்து...

“நில்லுங்கோ பேச்சி!”

“எதுக்கு வந்தீங்க சார்? நீங்களும் சிரிக்கவா?”

“பிழை எண்டு சத்தியமா எனக்குத் தெரியாது. பிழையிலயே இவ்வளவு ருசி எண்டால்... இன்னும் ரெண்டு மூண்டு பிழை விடுங்கோவன்.”

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். உதடு கேட்கவில்லை.

“இனி நீங்கள் அனுப்ப முந்தி நான் வாசிக்கிறன். திருத்துறதுக்கு இல்லை... முதல் ஆளா வாசிக்கிறதுக்கு.”

“அதுல உங்களுக்கு என்னா லாபம்?”

அவன் சட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

“எனக்கு... உங்களில விருப்பம்.”

நெஞ்சுக்குள் ஏதோ தடுக்கி விழுந்தது. “காலையில பார்த்த ஆளுகிட்டயா?”

“அஞ்சு மாசமா வாசிக்கிற ஆளிட்ட. தனிய இருந்து சாப்பிடுறவன் நான். உங்கட மடல் வந்தால், பக்கத்தில ஆரோ இருந்து கதைக்கிற மாதிரி...”

மஸ்கெலியா பஸ் வந்தது. ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. இரண்டு பேரும் அசையவில்லை. பேச்சியம்மாவின் குடை மெல்ல அவன் பக்கம் சாய்ந்தது.

“சார்... அந்த விருப்பத்துக்கு எந்த ரானா?”

“சின்ன ரானா. கரிக்குப் போட்டீங்களே, அதேதான்.”

“அப்ப எனக்கு எழுத வரும்.”

குடையை அவன் கையில் கொடுத்தாள். காலிச் சட்டியை வாங்கிக் கவிழ்த்தாள். கரி பிடித்த அதன் அடியில், மழையில் நனைந்த விரலால், ஒவ்வோர் எழுத்தாக எழுதிக் காட்டினாள்.

பிழையே இல்லை.