வெறும் விரிப்பின் மேல் ஒரு நாடி

கருவியின் முனை தோலைத் தொடுவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது.

அவள் கையை அப்படியே நிறுத்தினாள். நோயாளியின் வலது பாதத்தைச் சோதிக்கத்தான் டாப்ளரை எடுத்துக்கொண்டு குனிந்தாள். பேனா போன்ற அதன் முனையில் பசையைத் தடவி, ரத்தக்குழாய் ஓடும் இடத்தில் வைத்தால், உள்ளே ஓடும் ரத்தத்தை அது 'உஷ், உஷ்' என்று சத்தமாக்கிச் சொல்லும். தோலில் வைத்தால்தான் சொல்லும். காற்றில் அது ஊமை. இப்போது முனை இருந்ததோ கட்டிலின் இடது பக்கத்தில், மடிப்பில்லாமல் விரிந்து கிடந்த வெள்ளை விரிப்புக்கு ஒரு சாண் மேலே. அந்த இடத்தில் கால் இல்லை. நேற்றுக் காலையில் முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது.

கையை நகர்த்தினாள். சத்தம் நின்றது. திரும்பக் கொண்டுவந்தாள். வந்தது.

"என்னம்மா, ரேடியோ எதாவது புடிக்குதா?" என்று கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். வலி மருந்தின் மயக்கத்திலும் கிண்டலை விடாதவர்.

"பக்கத்துல போன் சார்ஜர் இருக்கு. அதுவா இருக்கும். நீங்க தூங்குங்க."

அவருடைய மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். அவர் செருகிவிட்டுப் போன சார்ஜரை அவள் பிடுங்கினாள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வார்டின் கடைசியில் இருந்த அந்தத் தனியறைக்குள் ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டும் ஓசையும், ஸ்பிரிட் நெடிக்கு அடியில் புதுக்காயத்தின் இரும்பு வாசனையும், மழைக்கு முந்தைய மங்கல் வெளிச்சமும் தவிர வேறொன்றும் இல்லை. முனையை மறுபடியும் வெறும் விரிப்பின் மேல் கொண்டுபோனாள்.

உஷ், உஷ், உஷ்.

ரத்தக்குழாய் அறுவை சிகிச்சைப் பிரிவில் அவளுக்கு இது இரண்டாம் ஆண்டு. கத்தியைப் பெரிய டாக்டர்கள் பிடிப்பார்கள்; பாதம் பாதமாகக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு திரிவது பயிற்சியில் இருப்பவர்களின் வேலை. கிரேன்காரரின் இடது காலுக்கு மாற்றுக்குழாய் வைத்த பிறகு மணிக்கொரு தரம் கேட்டவள் அவள்தான். ஒவ்வொரு முறையும் அவர் கேட்பார், "கால் என்ன சொல்லுதும்மா?"

"உயிரோட இருக்கேன்னு சொல்லுது."

"எப்படியாச்சும் மீட்டுக் குடுத்துருங்க. ஏணி ஏறணும்னா ரெண்டும் வேணும்."

"என் கால் மாதிரி பாத்துக்கறேன். கவலைப்படாதீங்க."

அந்தக் கால் பேச்சை நிறுத்தியதை முதலில் கேட்டவளும் அவள்தான். அறுவை அரங்கில் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றவளும் அவள்தான். எலும்பு துண்டான கணத்தில் அதன் முழுக் கனமும் சட்டென்று அவள் கைகளுக்கு வந்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு கணம் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் வந்து மெதுவாக வாங்கிக்கொண்டுபோக வேண்டியிருந்தது.

தாழ்வாரத்துக்கு வந்து மூன்றாம் ஆண்டு சீனியரைப் போனில் பிடித்தாள்.

"அக்கா, டாப்ளர் காத்துல சத்தம் போடுது."

"காத்துல போடாது."

"போடுதுக்கா."

"நீ கடைசியா எப்ப தூங்கின? பக்கத்து வார்டு மெஷினை எடுத்துப் பாரு. அதுவும் பேசுச்சுன்னா நேரா மனநலப் பிரிவுல போய் அட்மிட் ஆயிடு. எனக்கும் ஒரு பெட் போட்டு வை."

சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் போய் இன்னொரு கருவியை எடுத்து வந்தாள். நடக்கும்போது இடது பாதம் மரத்துக் கிடந்தது. நேற்று முழுக்க நின்றதால் இருக்கும் என்று நினைத்தாள்.

புதுக் கருவியும் பேசியது.

அவளுக்குச் சிரிப்பு போய்விட்டது. இந்த முறை கருவியைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, தனக்குக் கற்றுக்கொடுத்தபடி, சத்தத்தைக் கேட்டாள். கிரேன்காரரின் ரத்தக்குழாய்கள் பல வருடச் சிகரெட்டில் சுண்ணாம்பாகிப் போனவை. காலையில் அவருடைய வலது பாதத்தில் வைத்தபோது கேட்டது, கிழவர் செருப்பைத் தேய்த்து நடப்பது போன்ற ஒற்றை இழுவை. விரிப்பின் மேல் கேட்பது அப்படியில்லை. ஏறி, சற்றே பின்வாங்கி, மறுபடி மெல்ல எழும் மூன்று படிச் சத்தம். இளமையான, அடைப்பே இல்லாத குழாய் மட்டும்தான் அப்படிப் பேசும்.

வேகமும் வேறு. தலைமாட்டுத் திரையில் அவர் இதயம் அறுபதைத் தாண்டாமல் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. இது ஓடுகிறது. மாடிப்படி ஏறியவர் நெஞ்சைப் போல ஓடுகிறது.

"டாக்டரம்மா." அவர் குரல் தெளிவாக இருந்தது. "நேத்துலேர்ந்து அந்தக் கால் ஐஸ்ல வெச்ச மாதிரி இருந்துச்சு. இப்ப சூடு ஏறுது."

"இல்லாத கால் இருக்கற மாதிரி தோணும். எல்லாருக்கும் அப்படித்தான். போகப் போகச் சரியாயிடும்."

பாடப்புத்தகத்தில் உள்ளதைத்தான் சொன்னாள்.

வெளியே காற்று கிளம்பி, தாழ்வாரத்தின் ஏதோ ஒரு கதவு படாரென்று அறைந்து சாத்திக்கொண்டது. அவள் நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டு, பிறகு பலமாக அடித்தது.

கருவியும் ஒரு துடிப்பைத் தவறவிட்டது. பிறகு பலமாக அடித்தது.

அவள் இடது கை விரல்களை மெதுவாகத் தன் கழுத்தில் வைத்தாள். விரலுக்கு அடியில் ஒரு துடிப்பு. கருவியில் ஒரு 'உஷ்'. விரலுக்கு அடியில் ஒன்று. கருவியில் ஒன்று. மூச்சை இழுத்து அடக்கினாள். இரண்டும் சேர்ந்து தளர்ந்தன. மூச்சை விட்டாள். இரண்டும் சேர்ந்து ஓடின.

உட்கார வேண்டும் போலிருந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, எதற்கென்று யோசிக்காமலே, இடது ஷூவின் முடிச்சை அவிழ்த்தாள். காலுறையை உருவினாள்.

பாதம் மெழுகு நிறத்தில் இருந்தது. நகங்களுக்கு அடியில் நீலம். கட்டைவிரலால் அழுத்தினாள். வெள்ளையாய் விழுந்த குழி வெள்ளையாகவே கிடந்தது. கணுக்கால் தோலில் கருநீலக் கொடி படர ஆரம்பித்திருந்தது. இந்த நிறங்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் பரீட்சையில் பதில் எழுதியிருக்கிறாள்.

பசையைப் பிதுக்கினாள். பாதத்தின் மேல் முனையை வைத்தாள்.

ஒன்றுமில்லை.

கணுக்காலுக்குப் பின்னால். ஒன்றுமில்லை. முழங்காலின் மடிப்பில். ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தினாள். பசை வழிந்து தரையில் சொட்டியது. அவள் காலில் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை.

"சிஸ்டர்" என்று கூப்பிட்டாள். குரல் அறையைத் தாண்டவில்லை.

எழுந்தாள். இடது காலை ஊன்றினாள். ஊன்றியது தெரியவில்லை. மறுகணம் தரையில் கிடந்தாள். கட்டிலின் கம்பியைப் பிடித்துத் தலையைத் தூக்கினாள். விரிப்பு அவள் கண்மட்டத்தில் இருந்தது.

"வலியே இல்லம்மா இப்ப" என்றார் அவர். கண்கள் மூடியிருந்தன. முகத்தில் நிம்மதி. "நல்லா இருக்கு. லேசா இருக்கு."

விரிப்பு சமமாக இல்லை.

முழங்காலின் கட்டு முடிந்த இடத்திலிருந்து அது நீளமாக மேடிட்டிருந்தது. மெல்லிய கெண்டைக்கால். சின்னக் கணுக்கால். அவருடைய வலது பாதத்தைவிட மிகச் சிறிய ஒரு பாதம்.

நரம்பு செத்துவிட்டதா என்று பார்க்க ஒரே ஒரு சோதனைதான். நோயாளியிடம் எத்தனையோ முறை அவள் சொன்னது. இப்போது தனக்குச் சொல்லிக்கொண்டாள். விரலை அசை.

தரையில் கிடந்த தன் பாதத்தைப் பார்த்தபடி, பல்லைக் கடித்து, முழுப் பலத்தையும் திரட்டி, விரல்களை அசைத்தாள்.

அவை அசையவில்லை.

கட்டிலின் மேல், வெள்ளை விரிப்புக்கு அடியில், ஐந்து விரல்கள் மெதுவாக மடங்கி விரிந்தன.