வடியாத தண்ணீர்

நான்கு நாளாகப் பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருந்த வாஷிங் மெஷினுக்குள் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

தாவீது கையை வெளியே எடுத்து உதறினான். விடிந்ததிலிருந்து ஐப்பசி மழை விடாமல் பெய்து, தரையும் சுவரும் கதவின் இரும்புத் தாழும் சில்லிட்டுப்போயிருந்த அந்தப் பின்கட்டு அறையில், இந்தத் தண்ணீர் மட்டும் யாரோ இப்போதுதான் எழுந்து போன படுக்கையைப் போலச் சூடாறாமல் இருந்தது.

"என்னாபா, பார்த்துக்கினே நிக்கிறே? வந்த வேலையைப் பாரு."

கங்கையம்மாள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. பிள்ளையார்பாளையத்தில் பட்டு வியாபாரம் செய்து பேரெடுத்த வீடு. மூத்த மகன் ஜெர்மனியிலிருந்து கப்பலில் அனுப்பிய மெஷின். தாவீது முசரவாக்கம், ஏனாத்தூர்க் கழனிகளில் பம்ப்செட் பழுது பார்க்கிறவன்; மோட்டாரும் பம்பும் எந்தத் தேசத்தில் செய்தாலும் ஒன்றுதான் என்ற தைரியத்தில் வந்திருந்தான். அந்த அம்மாள் அவனைக் கொல்லைச் சந்து வழியாகத்தான் உள்ளே விட்டாள். கிணற்றுக் கயிற்றைத் தொடாதே என்றாள். குடிக்கத் தண்ணீர் கேட்டதற்குக் காது கேளாதவள் போல இருந்தாள்.

"தண்ணி வடியலை, அவ்ளோதானேம்மா?"

"வடியலை. காலைல மொண்டு ஊத்துனா மத்தியானத்துக்குள்ள திரும்ப ரொம்பிடுது."

குழாய் சரியாக மூடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான். தண்ணீர் வரும் ரப்பர்க் குழாயைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே தூசிதான் இருந்தது. பல நாளாக அதில் ஒரு சொட்டு வந்திருக்காது.

அப்படியானால் வெளியேற்றும் குழாய் ஒன்றுதான் பாக்கி. அது மெஷினின் முதுகிலிருந்து வளைந்து, தரையில் பதித்திருந்த கருங்கல் பலகையின் ஓட்டைக்குள் இறங்கியிருந்தது. முன்காலத்தில் அந்த அறையில் பட்டு நூலுக்குச் சாயம் போட்டார்கள். அண்டா அண்டாவாகக் கொட்டுகிற சாயத்தண்ணீர் போவதற்காக, பலகைக்கு அடியில் ஆள் தவழ்ந்து போகிற அகலத்துக்குச் செங்கல் கால்வாய் கட்டியிருந்தார்கள். அங்கிருந்து புளித்த கஞ்சியும் பழைய சாயமும் கலந்த வாடை வந்துகொண்டிருந்தது.

தாவீதுக்கு அங்கேதான் இடித்தது. கால்வாய் கீழே, தொட்டி மேலே. தண்ணீர் தானாக மேலேறாது. கீழேயிருந்து ஏதாவது தள்ளினால்தான் ஏறும்.

அந்த நினைப்பை ஒதுக்கிவிட்டு வேலையில் இறங்கினான். குழாய் எங்கேயும் மடங்கவில்லை. முனையைக் கல்லுக்குள்ளிருந்து இழுத்து ஒரு வாளியில் தாழ்த்தி வைத்தான். அடைப்பில்லாவிட்டால் தொட்டித் தண்ணீர் பாய்ந்து கொட்ட வேண்டும். இரண்டு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. அடைப்புத்தான். சின்ன வேலை. அவனுக்கு மூச்சு வந்தது. அடுத்த வீட்டுத் தறிகளின் சத்தம் மழையோடு சேர்ந்து சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் நாலு மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதே தெம்பாக இருந்தது.

தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்றிவிட்டு, முதுகுத் தகட்டைக் கழற்றி, பம்பிலிருந்து குழாயைப் பிரித்து, குழாய்க்குள் விரலை விட்டான். நூல் சிக்கு வந்தது. அதற்குப் பின்னால் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. குறடால் இழுத்தான்.

டெஸ்டர். கைப்பிடியில் நீல நூல் சுற்றிய டெஸ்டர்.

அது முனுசாமியுடையது. பட்டறையில் தாவீதுக்குக் கூட்டாளி. பதினோரு நாளாக ஆளைக் காணோம். பெங்களூருக்கு ஓடிவிட்டான் என்று ஊர் பேசியது. தாவீதும் அதையே நம்பி, சொல்லாமல் போய்விட்டானே என்று திட்டிக்கொண்டிருந்தான். டெஸ்டர் தொட்டியிலிருந்து வந்து சிக்கியிருக்க முடியாது; நடுவில் பம்பின் இறக்கை தடுக்கும். கால்வாய்ப் பக்கத்திலிருந்துதான் ஏறி வந்திருக்க வேண்டும்.

"யம்மா, முனுசாமி இங்க வந்தானா?"

"யாரும் வரலை."

கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினான். அவள் அதைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பம்பை ஓட்டிக் காமிச்சிட்டுப் போ" என்றாள்.

சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்புவோம், நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம் என்று தீர்மானித்துக்கொண்டான். முதுகுத் தகட்டைத் தவிர எல்லாவற்றையும் மாட்டினான். குழாய் முனையைக் கல் ஓட்டையில் செருகினான். இரண்டு வாளித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிப் பிளக்கைச் செருகினான். பம்ப் ஓடியது. தண்ணீர் கடகடவென்று இறங்கியது. வழக்கம்போலத் திருப்புளியின் முனையைப் பம்பின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டான். பேரிங் ஒழுங்காகச் சுற்றியது. அதற்கு அடியில், வேறொரு சத்தம். தட்டும் சத்தம். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். மூன்று தட்டு.

பிளக்கைப் பிடுங்கினான்.

பம்ப் நின்றது. தட்டல் நிற்கவில்லை.

திருப்புளியை எடுக்கக் கை வரவில்லை. காதோடு ஒட்டிய மரப்பிடிக்குள், தண்ணீர் நிறைந்த தொண்டையால் யாரோ பேசினார்கள்.

"தாவீது. போயிடுபா."

முனுசாமியின் குரல்.

திருப்புளி தரையில் விழுந்து உருண்டது. அவன் எழுந்து திரும்பியபோது கதவு சாத்தியிருந்தது. வெளியே தாழ் விழும் சத்தம்.

"யம்மா! கதவைத் திற!"

தோளால் இடித்தான். கதவு அசையவில்லை. தறிச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. மழை மட்டும் பெய்தது.

"யம்மா, ரிப்பேர் ஆயிடுச்சு! தண்ணி போயிடுச்சு!"

"தெரியும்பா." கதவுக்கு மிக அருகில் அவள் குரல். காலையிலிருந்து முதல் தடவையாக அதில் இரக்கம் இருந்தது. "முன்ன வந்தவனும் இப்டித்தான் தட்டிக்கினே இருந்தான். கொஞ்ச நேரந்தான். அப்பால தண்ணியும் கொஞ்ச நாளைக்கு அடங்கிடும்."

பின்னால் ரப்பர்க் குழாய் வீங்கியது. கீழேயிருந்து மேலே. தொட்டிக்குள் வெதுவெதுப்பான தண்ணீர் விழும் ஓசை. பிடுங்கிப் போட்ட பிளக் அப்படியே தரையில் கிடந்தது.

பிறகு குழாய் விறைத்தது. யாரோ பிடித்து இழுத்தார்கள். ஒரு முழம் உள்ளே போனது. இன்னொரு முழம். மெஷின் தரையில் உரசிக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தது. நின்றது. குழாய் அறுந்து ஓட்டைக்குள் மறைந்தது.

தாவீது முதுகைக் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

கருங்கல் பலகை அசைந்தது.

நாலு ஆள் சேர்ந்தாலும் புரட்ட முடியாத கல். அது மெல்ல, ஓசையில்லாமல், ஒரு விரற்கடை உயர்ந்தது. நான்கு ஓரங்களிலும் விரல்கள் முளைத்தன. ஆண் விரல்கள், பெண் விரல்கள், ஒரு குழந்தையின் விரல்கள். ஊறி ஊறி, அடித்துத் துவைத்துப் பிழிந்த வேட்டியைப் போல வெளுத்திருந்தன. ஒன்றிலும் ரேகையில்லை. நகமில்லை.

எல்லாம் சேர்ந்து கல்லைத் தூக்கின.