இறால் மீசைக் கால்கள்

கரைவலை இழுக்கும்போது பாடுகிற பாட்டுக்கு அம்பா என்று பெயர். மணற்காட்டுக் கரையில் யார் வேண்டுமானாலும் அம்பாவுக்கு ஓர் அடி எடுத்துக் கொடுக்கலாம். அடி பிடித்துவிட்டால், வலை கரைக்கு வரும்வரை கயிற்றில் நிற்கும் நாற்பது பேரும் அதையே திருப்பித் திருப்பிப் பாடுவார்கள்.

பத்து வயது யசிந்தா எடுத்துக் கொடுத்த அடி அன்று எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அதுதான் வினை.

அவளுடைய பெரியப்பா சிமியோனுக்கு அறுபத்தாறு வயது. இரண்டு மாதம் குளிர்காய்ச்சலில் படுத்துக் கிடந்தவர், அன்றுதான் கயிற்றுக்கு வந்திருந்தார். சாரத்தை மடித்துக் கட்டினார். மெலிந்த கால்கள் வெளியே தெரிந்தன. யசிந்தாவின் வாய் சும்மா இருக்கவில்லை.

"சிமியோனார் காலைப் பார், ஏலேலோ! இறால் மீசை ரெண்டைப் பார், ஏலேலோ!"

நாற்பது பேரும் பாடினார்கள். முதல் தடவை அவளும் சிரித்தாள். மூன்றாம் தடவை, பெரியப்பா சாரத்தை இறக்கிக் காலை மூடியதைக் கண்டாள். பத்தாம் தடவை அவர் கயிற்றை விட்டுவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். "பாடாதேங்கோ!" என்று யசிந்தா கத்தினாள். அலைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

அதன்பின் பெரியப்பா உட்கார்ந்த கதிரையை விட்டு எழவில்லை. வலைக்குச் சொந்தக்காரரான நீக்கிலாப்பிள்ளைச் சம்மாட்டி வந்து பார்த்தார்.

"சிமியோன், மாரி முடிய மாசியிலை வலை தொடங்கும். அப்பவும் ஏலாதெண்டால் உன்ரை இடத்துக்கு வேறை ஆள்தான்."

பெரியம்மா லூர்த்தம்மா தண்ணீர்ச் செம்பைக்கூடக் கையிலே கொண்டுவந்து கொடுத்தாள். "அசையாமல் இருங்கோ" என்றாள். கால்கள் இன்னும் மெலிந்தன.

மன்னிப்புக் கேட்க யசிந்தா மூன்று முறை போனாள். மூன்று முறையும், "தண்ணி வேணுமோ பெரியப்பா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

அப்போதுதான் அண்ணன் பேதுருவின் கை நினைவுக்கு வந்தது. போன வருடம் முறிந்த கை. கட்டை அவிழ்த்தபோது ஈர்க்குப்போல இருந்தது. முதலில் கால் வாளி, பிறகு அரை வாளி என்று கிணற்றில் தண்ணீர் அள்ள அள்ளத் தசை திரும்பி வந்தது. பெரியப்பாவுக்கும் வராதா?

மழை விட்ட ஒரு காலையில், சாக்கில் கால்வாசி மணல் நிரப்பிக் கயிறு கட்டினாள்.

"பெரியப்பா, நத்தாருக்கு முற்றத்திலை புது மணல் போடவேணும். எனக்கு இழுக்க ஏலாமல் கிடக்கு. ஒருக்கா வாறியளோ?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. ஆனால் எழுந்து வந்தார். பத்தடி இழுத்தார், உட்கார்ந்தார், மூச்சு வாங்கினார். மறுபடி இழுத்தார்.

ஒவ்வொரு வாரமும் யசிந்தா சாக்கில் இரண்டு சிரட்டை மணல் கூட்டினாள். யேசு பிறந்த நத்தார்த் திருநாள் வந்தது, போனது. மணல் மட்டும் நிற்கவில்லை.

"முற்றம் வாசற்படிக்கு மேலை வந்திட்டுது! இனி வீட்டுக்குள்ளையோ கொட்டப் போறியள்?" என்று பெரியம்மா கேட்டாள்.

"அவளைக் கேள்" என்றார் பெரியப்பா. "பேதுருவுக்கு வாளி, எனக்குச் சாக்கு. எனக்கு விளங்காதெண்டு நினைக்கிறாள்."

யசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதும் மன்னிப்புக் கேட்கும் சொல் வாயில் வரவில்லை.

பேதுருவின் கைக்கு ஒரு மாதம் போதுமாயிருந்தது. பெரியப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. பழைய கால்கள் முழுதாகத் திரும்பவும் இல்லை. ஆனாலும் மாசியில், முதல் வலையன்று, கயிற்றின் கடைசியில் அவர் நின்றார். சாரத்தை மடிக்கவில்லை.

யசிந்தா அதைப் பார்த்தாள். ஊர் முன்னால் பழித்துவிட்டு, மன்னிப்பை மட்டும் வீட்டுக்குள் கேட்டால் போதுமா? கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

"பெரியப்பாவைப் பழிச்ச வாயை, ஏலேலோ! நண்டு வந்து கடிக்கட்டும், ஏலேலோ!"

முதலில் கயிற்றின் கடைசியில் இருந்து ஒரு குரல் அதைத் திருப்பிப் பாடியது. அது பெரியப்பாவின் குரல். பாடியபடியே சாரத்தை மடித்துக் கட்டினார்.

"பெரியப்பா, ஒருக்காப் பாடினால் போதும்!" என்றாள் யசிந்தா.

"கதைக்காமல் கயிற்றைப் பிடியடி!"

அன்று வலை கரைக்கு வரும்வரை, நாற்பது பேரும் யசிந்தாவின் வாயை நண்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.