வாசல் வரை வந்த புல்

வெயில் ஏறுமுன் மிதித்து முடிக்க வேண்டும். செந்தேரியின் மணற்சரிவில் ஆணும் பெண்ணுமாகத் தோளோடு தோள் ஒட்டி, வெறுங்காலோடு வரிசைகட்டி நடந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வேலுக்கனி, ஈரச் சாணிமண்ணில் பிசறிய கொழுக்கட்டைப்புல் விதையைத் தூவிக்கொண்டே போனாள்.

முன்பு டிரோன்தான் தூவியது. பஞ்சு மாதிரி விதை. காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஆழப் புதைத்தாலும் முளைக்காது. மனிதக் கால் ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனால்தான் மண்ணோடு ஒட்டும். அதற்காகத்தான் இந்த மிதிகூட்டத்துக்கு அரசு வாரியம் சோறு போடுகிறது. டிரோனுக்கு வாரியம் வைத்த பேர் பறனி, இவர்கள் வாயில் தும்பி. இப்போது அதற்குக் கண்காணிக்கிற வேலை மட்டும்.

மண் கிளம்பி ஊர்களை மூடிய பிறகு வந்த சட்டம் ஒன்று உண்டு. வேர் பிடித்த நிலம் புல்லுக்குச் சொந்தம். அப்புறம் அதில் மனிதக் கால் படக்கூடாது. அதற்கு ஒரு சோதனை: தும்பி பார்த்திருக்க ஓர் ஆள் புல்லைக் கொத்தாகப் பிடித்து இழுக்க வேண்டும். தாள் அறுந்து வேர் நின்றால், குடிசைகளைப் பிரித்துக்கொண்டு அடுத்த வெற்றுமண்ணுக்குக் கிளம்ப வேண்டியதுதான். யார் எங்கே போவது என்பதை வாரியத்தின் கணிப்பொறி பிரிக்கும். அதற்கு எத்தனை கால் என்பதுதான் கணக்கு, யார் கால் என்பதல்ல.

போன வைகாசியில் அது வேலுக்கனியின் மூத்த மகளை வடக்கே அனுப்பியது. இளையவள் தங்கபுஷ்பத்தின் புருஷனை மேற்கே அனுப்பியது. தங்கபுஷ்பம் வயிற்றில் அப்போதே பிள்ளை. கைக்குழந்தைக்காரியை மட்டும் தாயிடமிருந்து பிரிப்பதில்லை என்று ஒரு சலுகை இருந்தது. ஆனால் பிள்ளை தையில்தான் பிறக்கும். புல்லோ கார்த்திகையிலேயே வேர் பிடித்துவிடும்.

சாமான் வைக்கும் கொட்டடியில் இரண்டு மூட்டை விதை இருந்தது. ஒன்று போன வருஷத்தது, மற்றது இந்த ஆடியில் உருவியது. புது விதை உறங்கும். அடுத்த வருஷ மழைக்குத்தான் கண் திறக்கும். வேலுக்கனி பிசறியது புதுசை. பழைய மூட்டையை ஓர் அந்தியில் இடுப்பில் இடுக்கிக் குடிசைக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அடுப்பில் போட்டிருக்கலாம். விதையாயிற்றே, கை வரவில்லை.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்தது. தேரி மொட்டையாகவே கிடந்தது. ஈரம் காய்ந்ததும் மண் எழும்பிக் கஞ்சியில் விழுந்தது. பக்கத்துக் குடிசைச் செல்லையா படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருமினார். அந்த இருமல் கேட்கும்போதெல்லாம் வேலுக்கனி சட்டியை உரக்கத் தேய்த்தாள்.

மேஸ்திரி கோயில்பிச்சை ஒருநாள் வந்து நின்றார்.

"என்ன வேலுக்கனி, தாலாட்டு பாடிக்கிட்டா தூவுன? ஒண்ணுகூட எந்திரிக்கல."

"மழை பத்தல அண்ணாச்சி."

"மழை பத்தலையா?" அவர் தங்கபுஷ்பத்தின் வயிற்றைப் பார்த்தார். பிறகு வெறும் தேரியைப் பார்த்தார். "எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு, அது வேற. தும்பிக்கு மங்காது பாத்துக்க."

கார்த்திகைக் கடைசியில் ஒரு காலை, தங்கபுஷ்பம் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எம்மா, இங்க வாயேன். வாசல்ல பச்சையா கெடக்கு."

கொட்டடியிலிருந்து குடிசை வரை, ஆள் நடக்கிற அகலத்துக்கு, ஒற்றைக் கோடாகப் புல் வந்திருந்தது. நடுவழியில் சின்னதாக, வாசலருகே கழுவுதண்ணீர் குடித்து அடர்த்தியாக. இத்தனை நாளும் மண் மூடியும் விலகியும் கிடந்ததில் இருவர் கண்ணிலும் படவில்லை. ராத்திரி அடித்த காற்று மேல்மண்ணைத் துடைத்துக் காட்டிவிட்டது. அன்றைக்கு மூட்டையின் வாயும் வேலுக்கனியின் சேலையும் உதிர்த்துக்கொண்டே வந்த பழைய விதை. தினமும் தண்ணீருக்குப் போய்வந்த அவர்கள் காலே மிதித்துக் கொடுத்திருந்தது.

"பாக்கவே எவ்வளவு மெத்துன்னு இருக்கும்மா," என்றாள் தங்கபுஷ்பம், குனிய முடியாமல் பார்த்துக்கொண்டே. மிதிகூட்டத்தில் பிறந்தவள். விதைத்துவிட்டு வந்த புல்லைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாள்.

தெற்கே தும்பியின் ரீங்காரம் கேட்டது. வேலுக்கனி பாய்ந்து குனிந்து, வாசற்கொத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். தாள் அறுந்து கையோடு வந்தது. வேர் வரவில்லை. அடுத்த கொத்தையும் இழுத்தாள். அதுவும் அப்படியே.

நிமிர்ந்தபோது தும்பி தலைக்கு மேலே அசையாமல் நின்றது. அதன் அடியில் பச்சை விளக்கு எரிந்தது. வேர்ச்சோதனையை அவளே செய்து காட்டியிருந்தாள்.

வாசற்படியில் தங்கபுஷ்பம் ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள், வைக்க இடமில்லாமல்.

"எம்மா," என்றாள், "நான் எப்படி எறங்க?"