தாயெலி ஒதுக்கிய குட்டி

எலிக்கூடத்துக்குள் நுழைகிறவர்கள் வாசலிலேயே தங்கள் கைகளை முகர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பூ கூடாது, பவுடர் கூடாது, வாசனைச் சோப்பு கூடவே கூடாது. பதினாறு வருடமாக மயிலாத்தா இந்தச் சடங்கைப் பிசகாமல் செய்துவந்தாள். நேற்றுப் பார்த்தா அந்தப் பாழாய்ப்போன ஜலதோஷம் அவளுக்குப் பிடிக்க வேண்டும்.

காலை ஏழு மணிக்கு நாற்பத்தொன்றாம் கூண்டைத் திறந்தாள். பத்துக் குட்டிகள் தாயெலியின் வயிற்றடியில் முட்டிக்கொண்டிருந்தன. பதினொன்றாவது மட்டும் மூலையில் கிடந்தது. தொட்டால் சில்லென்றிருந்தது. மற்றவற்றின் வயிற்றில் குடித்த பால் தோல் வழியே வெள்ளையாகத் தெரிந்தது. இதற்கு அந்த வெள்ளை இல்லை.

சாதாரணக் குட்டியாக இருந்தால் யாருக்கு என்ன? இது நிழல்குட்டி. குழந்தை கருவில் இருக்கும்போதே அதன் உயிரணுவை எடுத்து எலிக்கருவில் கலந்துவிடுவார்கள். குழந்தை பிறக்கும் நாளில் அந்தக் குட்டியைப் புதிதாக ஈன்ற ஒரு தாயெலியிடம் விடுவார்கள். எந்த இயந்திரத்துக்கும் பிடிபடாத நோயைத் தாயெலி முகர்ந்தே கண்டுபிடித்துவிடுமாம். மூன்று நாள் அது பால் கொடுத்தால் குழந்தை வீட்டில் வளரும். ஒதுக்கினால் ஊருக்கு வெளியே காப்பகம்தான். அரசாங்கத்துக்கு எலியின் மேல் அப்படியொரு நம்பிக்கை.

நேற்றுத் தண்ணீர்க் குப்பி ஒழுகி, நனைந்த பஞ்சை மாற்றியபோது இந்தக் குட்டியைக் கையில் எடுத்தவள் மயிலாத்தாதான். மூக்கடைப்புக்கு நீலகிரித் தைலம் தடவிய அதே கை. உள்ளே வருமுன் முகர்ந்தும் பார்த்தாள். மூக்கடைத்தவளுக்கு என்ன தெரியும்?

குட்டியை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றினாள். கூட்டுப் பஞ்சை அதன் உடம்பெல்லாம் தேய்த்துத் தாயருகே விட்டாள். தாயெலி முகர்ந்தது, தயங்கியது, பிறகு நக்கத் தொடங்கி வாயால் கவ்வித் தன்னருகே இழுத்துக்கொண்டது. மயிலாத்தாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் ஆறு மணிக்கே கூண்டின் கேமரா 'ஒதுக்கப்பட்டது' என்று குழந்தையின் அம்மாவுக்குத் தகவல் அனுப்பியிருந்தது.

"மறுசோதனைக்கு எழுதிக் குடுக்கறனுங்க மேடம். தப்பு என்னுதுங்க," என்றாள் மேலாளர் ரங்கநாயகியிடம்.

"எழுதுனா நாளையிலிருந்து உனக்கு வேலை இல்ல மயிலாத்தா. தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

எழுதிக் கொடுத்த கையோடு பிரசவ விடுதிக்கு ஓடினாள்.

மூன்றாம் மாடி அறையில் குழந்தையின் அம்மா சௌந்தரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பால் கசிந்து ரவிக்கை நனைந்திருந்தது. தொட்டிலில் குழந்தை அழுது அழுது தொண்டை கம்மிப்போய்க் கிடந்தது.

"அம்மிணி, சோதனை தப்புங்க. எலிக்கூடத்துல வேலை செய்யறவ நானு. தைலக் கையோட உங்க குட்டியத் தொட்டுட்டனுங்க. இப்ப எலி சேத்துக்கிச்சு. காப்பக வண்டி வராது. இன்னும் மூணு நாள் மறுசோதனை நடக்கும். நீங்க பிள்ளைய எடுத்துப் பால் குடுங்க."

சௌந்தரியின் முகம் தெளிந்தது. எழுந்து தொட்டில்வரை வந்தாள். குனிந்து, குழந்தையை மெல்ல முகர்ந்தாள். நீட்டிய கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

மயிலாத்தாவே குழந்தையைத் தூக்கி நீட்டினாள். சௌந்தரி வாங்கவில்லை.

"எலி குடுக்கட்டுங்க அக்கா," என்றாள். "மூணு நாள் பாத்துட்டு நானும் குடுக்கறன்."